பொருளாகவா, எடைக்கா? பரணைக் காலி செய்து காசாக்கும் வழி

போன தை மாதம் வெள்ளையடிக்க வந்தவர் பரணை அண்ணாந்து பார்த்துவிட்டு, "அக்கா, மேல கீறத எல்லாம் எறக்குனாத்தான் வேல நடக்கும்" என்றார். இறக்கினோம். அரசு கொடுத்த கலர் டிவி, ஓடாத டேபிள் ஃபேன் இரண்டு, கைப்பிடி உடைந்த குக்கர், மாமனார் காலத்துப் பித்தளை அண்டா, மூன்று சூட்கேஸ் நிறையத் துணி, பிள்ளைகளின் சைக்கிள், யார் கல்யாணத்தில் வந்தது என்றே தெரியாத ஒரு டின்னர் செட். வடசென்னைத் தண்டையார்பேட்டையில் இரண்டு அறையும் ஒரு ஹாலும் உள்ள வீடு எங்களுடையது. அன்று ராத்திரி பாய் விரிக்க இடமில்லை.

"மொத்தமா காயலாங்கடையில போட்டுரு" என்றார் வீட்டுக்காரர். போட்டிருந்தால் ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்திருக்கும், நாலாயிரம் ரூபாய் கைக்கு வந்திருக்கும். நாங்கள் ஐந்து வாரம் எடுத்துக்கொண்டோம். பத்தொன்பதாயிரத்துச் சொச்சம் வந்தது. அந்த ஐந்து வாரத்தில் கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எந்தச் சாமானும் வீட்டை விட்டு இரண்டு விதமாகத்தான் போகும்: பொருளாகப் போகும், இல்லாவிட்டால் எடைக்குப் போகும். எங்கள் ஸ்டீல் பீரோவுக்குக் காயலான் கடையில் 1,400 ரூபாய் சொன்னார்கள். அவர்களுக்கு அது ஐம்பது கிலோ தகடு, அவ்வளவுதான். அதே பீரோ கொருக்குப்பேட்டையில் புதுக்குடித்தனம் போகும் ஒரு ஜோடிக்கு 4,500 ரூபாய்க்குப் போனது. எதையும் முதலில் பொருளாக விற்கப் பாருங்கள். எடை எங்கும் ஓடிப்போகாது.

இறக்கியதும் செய்ய வேண்டியது

ஒரே நாளில் வீடு முழுவதையும் இறக்காதீர்கள். பரண் ஒரு நாள், கட்டிலுக்கு அடியில் ஒரு நாள், மாடிப்படிக்குக் கீழே ஒரு நாள் என்று போனால் மூச்சு முட்டாது. இறக்கிய ஒவ்வொன்றையும் திறந்து, உதறி, கைவிட்டுத் துழாவுங்கள். ஓர் உடைந்த ஹாட்பாக்ஸுக்குள் எங்கள் வீட்டு வரி ரசீதுகள் பதினோரு வருஷத்துக்கு வரிசையாக இருந்தன. பீரோ லாக்கருக்குள் ஒரு தாயத்தும், மாமனாரின் ஹார்பர் அடையாள அட்டையும். புத்தகப் பக்கங்களைப் புரட்டுங்கள், கைப்பைகளின் உள் ஜிப்பைத் திறவுங்கள், புடவை மடிப்பை விரித்துப் பாருங்கள். எடைக்கடைக்குப் போனபின் திரும்பக் கேட்டால் மூட்டை லாரி ஏறியிருக்கும்.

பிறகு மின்சாரச் சாமான்களை ஒவ்வொன்றாகப் பிளக்கில் போட்டுப் பாருங்கள். ஓடுகிற ஃபேன் பொருள், ஓடாத ஃபேன் எடை. நடுவில் இன்னொரு வகை உண்டு, நூறு ரூபாய் செலவில் ஓடிவிடக்கூடியது. எங்கள் இரண்டு ஃபேனில் ஒன்றுக்குக் கெபாசிட்டர் மாற்றியதும் சுற்றியது. இன்னொன்றுக்கு பேரிங் இறுகித் துருப்பிடித்துப் போயிருந்தது. கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு பரணில் இரும்பை வைப்பது வீண். காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. உப்புக் காற்று ஜன்னல் கம்பியையே தின்கிறது, சைக்கிளை விடுமா? அடுத்த வருஷம் விற்கலாம் என்று திரும்ப மேலே ஏற்றினால் பொருளாக ஏறியது எடையாகத்தான் இறங்கும்.

வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களைக் கேட்காமல் எதையும் வாசலுக்கு நகர்த்தாதீர்கள். எங்கள் அத்தை பித்தளை அண்டாவைக் கொடுக்க ஒப்புக்கொள்ளவே பத்து நாள் ஆனது. ஒப்புக்கொண்ட பிறகும், "வெள்ளிக்கெழம வோணாம், வெளக்கு வெச்சப்புறமும் வோணாம்" என்றார். திங்கட்கிழமை காலையில் போட்டோம். அதற்காகச் சண்டை போட்டிருந்தால் அண்டா இன்னும் பரணில்தான் இருந்திருக்கும்.

பொருளாக விற்பது

முதலில் துடையுங்கள். பீரோவைச் சோப்புத் தண்ணீரில் துடைத்து, கீலுக்கு எண்ணெய் விட்டு, உள்ளே ஒட்டியிருந்த ஸ்டிக்கரைச் சுரண்டி எடுக்க அரை நாள் ஆனது. சாவி இரண்டும் இருக்கிறதா என்று தேடுங்கள். சாவி இல்லாத பீரோவுக்கு ஆயிரம் குறைத்துக் கேட்பார்கள். பகல் வெளிச்சத்தில், சாமான் மேல் காய்கிற துணி எதுவும் இல்லாமல் போட்டோ எடுங்கள். கீறல் இருந்தால் கீறலையும் தனியாக எடுத்து அனுப்பிவிடுங்கள். வாசல் வரை வந்து கீறலைப் பார்ப்பவர் அதைக் காட்டியே பாதி விலைக்குக் கேட்பார்.

உயரம், அகலம், ஆழம் மூன்றையும் அடிக்கணக்கில் அளந்து சொல்லுங்கள். நம் பக்கத்து மாடிப்படி எவ்வளவு குறுகல் என்று தெரியும்தானே. எங்களிடம் கட்டில் வாங்க வந்த ஒருவர் முழுப்பணமும் கொடுத்துத் தூக்கிக்கொண்டு போய், அவர் வீட்டுப் படியில் திருப்ப முடியாமல் அன்றைக்கு மாலையே திரும்பக் கொண்டுவந்துவிட்டார். பணத்தைக் கொடுத்தேன், வண்டிக்கூலி அவருக்கு நஷ்டம், எனக்கு மனவருத்தம்.

யாரிடம் சொல்வது? செல்போன் ஆப்பில் போடுவதற்கு முன்னால் தெருமுனை இஸ்திரி வண்டிக்காரரிடம் சொல்லுங்கள். வீட்டு புரோக்கரிடம் சொல்லுங்கள். யார் புதிதாகக் குடி வருகிறார்கள், எந்த வீட்டில் கல்யாணம் முடிந்து தனிக்குடித்தனம் வைக்கிறார்கள் என்று இவர்கள் இரண்டு பேருக்கும் தெரியாமல் இருக்காது. பீரோ போனது புரோக்கர் மூலமாகத்தான். முந்நூறு ரூபாய் கொடுத்தேன். தெருவுக்குள் விற்பதில் ஒரே சங்கடம், நாளைக்கு மோட்டார் கருகினால் உங்கள் வாசலில்தான் வந்து நிற்பார்கள். அதனால் இருக்கிற கோளாறை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

காலமும் பார்க்க வேண்டும். ஆடியிலும் மார்கழியிலும் நம் ஆட்கள் வீடு மாற மாட்டார்கள். கட்டில், பீரோ, டைனிங் டேபிள் எல்லாம் தை பிறந்ததும், இல்லாவிட்டால் ஆவணியில் போடுங்கள். படிக்கிற மேஜையும் சைக்கிளும் பள்ளி திறக்கும் ஜூனில் போகும். மாதம் பிறந்து முதல் பத்து நாளில் பேசுகிறவர் காசோடு பேசுவார். இருபதாம் தேதிக்கு மேல் வருகிறவர், "அட்வான்ஸ் மட்டும் புடிங்க" என்பார்.

ஆப்பில் போட்டால் ஆள் அதிகம் வரும், மோசடியும் வரும். கட்டில் விளம்பரம் போட்ட கால் மணி நேரத்தில் எனக்கு ஒரு போன். தான் ராணுவத்தில் இருப்பதாகவும் இப்போதுதான் சென்னைக்கு மாற்றல் ஆனதாகவும் இந்தியில் சொன்னார். சீருடையில் ஒரு போட்டோவும் அனுப்பினார். பேரமே பேசவில்லை. கட்டிலைப் பார்க்கவும் வேண்டாமாம், பணத்தை உடனே போடுகிறாராம், நான் ஒரு கியூஆர் கோடை ஸ்கேன் செய்தால் போதுமாம். பேரம் பேசாமல் பழைய கட்டிலை வாங்குகிறவர் இந்த ஊரில் பிறந்திருக்க மாட்டார் என்று எனக்கு அங்கேயே தட்டியது. யுபிஐயில் பணம் வாங்க எதையும் ஸ்கேன் செய்ய வேண்டாம், பின் நம்பரும் போட வேண்டாம். பின் போட்டால் உங்கள் கணக்கிலிருந்து பணம் போகிறது என்று அர்த்தம். ஏமாந்துவிட்டால் உடனே 1930க்கு அடியுங்கள். சைபர் குற்றங்களுக்கான உதவி எண் அது, எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ பணத்தை நிறுத்தி வைக்க அவ்வளவு வாய்ப்பு.

நேரில் வருகிறவர்களுக்கு மாலை ஆறு மணிக்குள் நேரம் சொல்லுங்கள், வீட்டில் இன்னொரு ஆள் இருக்கும்போது வரச் சொல்லுங்கள். சாமானை வாசலுக்கோ ஹாலுக்கோ நகர்த்தி வைத்துவிட்டால் வருகிறவர் உள்ளறை வரை போக வேண்டியதில்லை. பணம் வந்ததாக அவர் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டை நம்பாமல் உங்கள் வங்கிக் கணக்கைத் திறந்து பார்த்த பிறகு தூக்க விடுங்கள்.

வண்டிக்கூலி யாருடையது என்று முதலிலேயே பேசிவிடுங்கள். குட்டியானை என்கிற சின்ன லாரி நுழையாத சந்துக்கு மூன்று சக்கர மீன்பாடி வண்டிதான் சரி. ஒரு பீரோ, ஒரு கட்டில், மேலே மெத்தை, அதற்கும் மேலே வாங்கியவரின் மச்சான் என்று எல்லாம் அதில் போய்விடும்.

எடைக்குப் போடுவது

பொருளாகப் போகாது என்று தீர்மானமானவை மட்டும்தான் இங்கே வர வேண்டும். பெயர் வெட்டிய எவர்சில்வர் பாத்திரம் ஒரு உதாரணம். 'அன்பளிப்பு' என்று யாரோ ஒருவர் பெயரும் கல்யாணத் தேதியும் வெட்டிய குடத்தை இன்னொருத்தர் வீட்டுக்குப் பாத்திரமாக வாங்க மாட்டார்கள். அது எடைக்குத்தான்.

கடைக்குப் போவதற்கு முன் வீட்டிலேயே பிரித்துவிடுங்கள். கலந்து கட்டிய மூட்டையைத் தராசில் வைத்தால் அதில் எது மலிவோ அந்த விலைதான் மூட்டை முழுவதற்கும். விலை வரிசை பொதுவாக இப்படித்தான் இறங்கும்: செம்பு, பித்தளை, அலுமினியம், எவர்சில்வர், கடைசியில் இரும்பு. செம்பு விலையில் இரும்பு பத்தில் ஒரு பங்குகூட வராது. ரேட் வாரத்துக்கு வாரம் மாறும் என்பதால் கிளம்பும் முன் இரண்டு மூன்று கடையில் கேட்டுக்கொள்ளுங்கள். எந்தக் கடையும் முதலில் சொல்கிற விலை கடைசி விலை இல்லை.

பிரிக்க ஒரு காந்தம் போதும். உடைந்த ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தோடு நான் போனதைப் பார்த்து, "இன்னாக்கா, காந்தம்லாம் எட்த்துனு வந்துகீற, எங்க மேல நம்பிக்கை இல்லியா?" என்று கடைக்காரர் சிரித்தார். நானும் சிரித்தேன், காந்தத்தை உள்ளே வைக்கவில்லை. காந்தம் இறுக ஒட்டினால் பெரும்பாலும் இரும்பு. நல்ல எவர்சில்வரில் ஒட்டாது, மட்டரக எவர்சில்வரில் ஒட்டும். வெள்ளையாகப் பளபளக்கும் பழைய தண்ணீர்க் குழாயில் காந்தம் ஒட்டவில்லை என்றால் ஓர் ஓரத்தை அரத்தால் தேயுங்கள். மஞ்சளாக வந்தால் அது முலாம் பூசிய பித்தளை. எங்கள் பாத்ரூமிலிருந்து கழற்றிப் போட்டிருந்த நாலு குழாயும் அப்படித்தான், பித்தளை விலைக்குப் போயின.

ஈயச் சொம்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ரசம் வைக்கும் அந்தச் சொம்பு பழசானால் அழுக்கேறிய அலுமினியம் மாதிரிதான் இருக்கும். ஆனால் நல்ல சொம்பு வெள்ளீயத்தில் செய்தது, வெள்ளீயம் செம்பைவிட விலை அதிகம். அலுமினிய மூட்டைக்குள் அதைப் போடுவதைப் போல முட்டாள்தனம் வேறில்லை. அளவுக்குக் கனமாக இருக்கிறதா, ஓரத்தைக் கையால் அழுத்தினால் வளைகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். வெறுமனே அடுப்பில் வைத்துச் சோதிக்காதீர்கள், உருகிவிடும்.

குக்கர், வாணலியின் கைப்பிடிகளை வீட்டிலேயே கழற்றிவிடுங்கள். கடையில் கழற்றாமல், "கைப்பிடிக்கு கால் கிலோ கழிச்சிக்கலாம்" என்பார்கள்; நான் கழற்றி நிறுத்துப் பார்த்தேன், நூறு கிராம்கூட இல்லை. ஃபேன், மிக்ஸி மோட்டார்களுக்குள் செம்புச் சுருள் இருக்கும், சிலவற்றில் அலுமினியம். அதனால் மோட்டாரை இரும்போடு சேர்க்காமல் தனி விலை கேளுங்கள். ஒயரைக் கொளுத்திச் செம்பு எடுக்கிற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். அந்தப் புகை நாற்றம் நமக்குப் புதிதில்லை.

தராசைச் சோதிக்க எளிய வழி, கடையில் வாங்கிய ஒரு கிலோ சர்க்கரைப் பொட்டலத்தைப் பையில் போட்டுக்கொண்டு போவது. முதலில் அதை வைத்துப் பாருங்கள். எலக்ட்ரானிக் தராசுக்கும் ஆண்டுதோறும் முத்திரை போட வேண்டும். அதைப் பார்ப்பது தொழிலாளர் துறை. எடையில் மோசம் என்றால் புகாரும் அங்கேதான்.

பித்தளையைக் காயலான் கடைக்கு மட்டும் காட்டிவிட்டு நிறுத்திவிடாதீர்கள். பாத்திரக் கடையில் பழையதைக் கொடுத்துப் புதிது வாங்கினால் கிலோவுக்குக் கூடுதலாகப் போடுவார்கள், ஆனால் அதற்குப் புதுப் பாத்திரம் வாங்கியாக வேண்டும். பரணைக் காலி செய்யப் போய் திரும்பப் பாத்திரத்தோடு வருவதா என்று யோசித்துக்கொள்ளுங்கள். குத்துவிளக்கு, பழைய வேலைப்பாடுள்ள கூஜா, வெற்றிலைப் பெட்டி போன்றவை எடைக்கே போகக் கூடாது. அவற்றைப் பொருளாக வாங்க ஆள் உண்டு.

துணி

பழைய துணிக்குப் பாத்திரம் கொடுக்கும் அம்மா எங்கள் தெருவுக்கு வாரம் ஒரு முறை வருவார். திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொரு பேன்ட்டையும் வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். முட்டியில் வெளிச்சம் தெரிந்தால் ஒதுக்கிவிடுவார். நைட்டி எடுக்க மாட்டார், குழந்தைத் துணி எடுக்க மாட்டார், ஜீன்ஸ் என்றால் முகம் மலரும். ஆறு பேன்ட், நாலு சட்டைக்கு ஒரு பேசின் என்றார். "கூட அந்தப் பட்டுப் பொடவைய போடு, பெரிய டப்பா தரேன்" என்றும் சேர்த்துக்கொண்டார்.

அங்கேதான் உஷாராக இருக்க வேண்டும். பழைய பட்டுப் புடவையின் மதிப்பு பட்டில் இல்லை, ஜரிகையில். அசல் ஜரிகை என்றால் உள்ளே சிவப்புப் பட்டு நூல், அதன் மேல் வெள்ளிக் கம்பி, மேலே தங்க முலாம். ஓரத்தில் நகத்தால் லேசாகச் சுரண்டினால் உள்ளே சிவப்பு நூல் தெரிய வேண்டும். வெள்ளையோ வேறு நிறமோ தெரிந்தால் பெரும்பாலும் போலி ஜரிகை, அதைப் பேசினுக்கே கொடுத்துவிடலாம். அத்தையின் கல்யாணப் புடவையில் சிவப்பு தெரிந்தது. மடிப்பெல்லாம் கிழிந்த புடவைதான், இருந்தாலும் மூன்று பேரிடம் விலை கேட்டோம். முதல் ஆள் சொன்னதைவிட மூன்றாவது ஆள் இரண்டரை மடங்கு அதிகம் சொன்னார். வெள்ளி விலை ஏறும்போது இதன் விலையும் ஏறும்.

மற்றவை

நாளிதழ், நோட்டு, அட்டை மூன்றையும் தனித்தனியாகக் கட்டுங்கள். தமிழ்ப் பேப்பருக்கு ஒரு விலை, இங்கிலீஷ் பேப்பருக்கு ஒரு விலை. தமிழ்நாட்டுப் பாடத்திட்டம் 2018 முதல் மாறிவிட்டதால் அதற்கு முந்தைய பள்ளிப் புத்தகங்கள் எடைக்குத்தான். போட்டித் தேர்வு, எஞ்சினீயரிங் புத்தகங்களுக்கு சென்ட்ரல் பக்கம் அல்லிக்குளத்தில் உள்ள மூர் மார்க்கெட்டில் விலை கேட்டுப் பாருங்கள். 1985 தீ விபத்தில் பழைய கட்டடம் போனாலும் பழைய புத்தக வியாபாரம் அழியவில்லை.

செல்போனை விற்கும்போது முதலில் கூகுள் கணக்கிலிருந்து வெளியேறி, பிறகு ஃபேக்டரி ரீசெட் செய்யுங்கள். சிம், மெமரி கார்டைக் கழற்றிவிட்டீர்களா என்று இரண்டு முறை பாருங்கள். பில் இருந்தால் விலை கூடும். லேப்டாப் செத்திருந்தாலும் ஹார்ட் டிஸ்கைக் கழற்றி வைத்துக்கொண்டுதான் கொடுக்க வேண்டும்.

இன்வெர்ட்டர் பேட்டரியைப் புது பேட்டரி வாங்கும் கடையிலேயே கொடுங்கள், பழசுக்கான பணத்தைப் புதிதின் விலையில் குறைப்பார்கள். உள்ளே இருப்பது ஆசிட். அதைச் சாக்கடையில் கொட்டிவிட்டு ஈயத்தை மட்டும் கொண்டுபோகிறேன் என்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். ஃபிரிஜ், ஏசிக்கு ஷோரூமில் எக்ஸ்சேஞ்ச் என்றால், எக்ஸ்சேஞ்ச் இல்லாமல் அதே மாடல் என்ன விலை என்று முதலில் கேளுங்கள். பழசுக்குக் கொடுப்பதாகச் சொல்லும் மூவாயிரம் பல நேரம் எல்லோருக்கும் கிடைக்கிற தள்ளுபடிதான்.

சும்மா கிடக்கும் கேஸ் சிலிண்டரை யாருக்கும் விற்காதீர்கள், அது கம்பெனிச் சொத்து. ரெகுலேட்டரோடு ஏஜென்சியில் ஒப்படைத்து, இணைப்பு வாங்கியபோது கட்டிய டெபாசிட்டைத் திரும்பப் பெறலாம். அந்தப் பழைய வவுச்சரைத் தேடி எடுங்கள்.

ஓடுகிற ஸ்கூட்டரை விற்றால் படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்தாகி, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பெயர் மாறும் வரை விடாதீர்கள். விற்றதை 14 நாளுக்குள் நீங்களும் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். எங்கள் தெருவில் ஒருவர் வெள்ளைத் தாளில் எழுதி வாங்கிக்கொண்டு கொடுத்துவிட்டார். எட்டு மாதம் கழித்து ஹெல்மெட் போடாததற்கு அபராதம் இவர் போனுக்கு வந்தது.

விலை போகாதவை

அரசு கொடுத்த டிவியை யாரும் பொருளாக வாங்க மாட்டார்கள். 2006க்குப் பிறகு வீட்டுக்கு வீடு கொடுத்தது, எல்லார் பரணிலும் ஒன்று இருக்கிறது. எடைக்கும் பெரிய விலை இல்லை, ஏனென்றால் பாதி எடை கண்ணாடிக் குழாய். அந்தக் கண்ணாடியில் ஈயம் உண்டு, அதனால் உடைத்துச் செம்பை மட்டும் எடுத்துக்கொள்கிறேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள். முழுதாக எடுத்துக்கொள்ளும் மின்கழிவுக்காரரிடம் சும்மாவாவது தள்ளிவிடுவது மேல். டியூப்லைட்டும் அப்படித்தான், உள்ளே பாதரசம். ஊறிப்போன மெத்தை, கால் உடைந்த சோபா இதற்கெல்லாம் மாநகராட்சியின் 1913க்கு போன் செய்து எப்படிக் கொடுப்பது என்று கேளுங்கள். போகியன்று கொளுத்துவதோ ராத்திரியோடு ராத்திரியாகத் தெருமுனையில் வைப்பதோ நம் தலையில்தான் விடியும். அண்ணா நகர்க்காரர்களுக்குக் குப்பை எங்கோ தூரமாகப் போகிறது. நமக்கு கொடுங்கையூர் குப்பைமேடு பக்கத்து ஏரியா.

எங்கள் கணக்கில் மிச்சம் நின்றது ஆட்டுக்கல் மட்டும். எடைக்காரர் கல்லை எடுக்க மாட்டார், பொருளாகக் கேட்டு வந்தவர்கள் எல்லாம் குழவியோடு தூக்கிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். போன வாரம் கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் வீடு கட்டும் ஒருவர் தோட்டத்தில் அலங்காரமாக வைக்க வேண்டும் என்று 2,000 ரூபாய்க்கு வந்து நின்றார், வண்டியோடு. அத்தை வெளியே வந்து அவரை ஏற இறங்கப் பார்த்தார். "மாவாட்டுவியா?" என்று கேட்டார். அவர் விழித்தார். "அப்ப வோணாம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். கல் வாசலில்தான் இருக்கிறது. பால்காரர் சைக்கிளை அதில்தான் சாய்த்து நிறுத்துகிறார்.